அடைப்பில் வைத்த கார்

சிவப்பிரகாசத்தின் போன் வந்தபோது கண்ணையன் சோற்றில் கை வைத்திருந்தார். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"கண்ணையா, நாளைக்குக் காலையில களத்துமேட்டு ஷெட்டுக்கு வந்துடு. வில்லியனூர்லேருந்து ஒரு தம்பி வர்றாரு. காரத் தொறந்து பாக்கப் போறோம், பொண்ணு கல்யாணத்துல ஓடணும். அந்த வண்டியப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் இருக்க."

"சரிங்க" என்று சொன்னார். போன் வைத்த பிறகும் வலது கை சோற்றிலேயே கிடந்தது.

"யாரு?" என்றாள் காசம்மாள்.

"சின்னவரு."

"இன்னாவாம்?"

"காரத் தொறக்குறாங்களாம். பொண்ணு கல்யாணத்துல ஓடணுமாம்."

காசம்மாள் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். "அவங்க வூட்டுக் காரு, அவங்க தொறக்குறாங்க. நீ எதுக்குப் போற?"

கண்ணையன் சோற்றைப் பிசைந்தார். எதற்குப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரோ என்று அவளுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. அன்று அந்தக் கார் ஏன் நின்றது? தான் தண்ணீர் ஊற்ற மறந்ததாலா, வேறு எதனாலாவதா? அவ்வளவுதான். அந்தப் பதில் காரின் பானெட்டுக்குள் இருந்தது. பானெட்டை யாரும் திறக்கவில்லை.

கண்ணையன் பிறந்தது பூரணாங்குப்பத்தில். படிப்பு ஏறவில்லை, கடலும் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் வாந்தி. கரும்பு லாரியில் கிளீனராகப் போய்ச் சேர்ந்தார். ஒரு மாசி மாதம் லாரி பாகூர்ப் பக்கம் வேதகிரியின் கரும்புக் கொல்லையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தது. வேதகிரி வரப்பில் குடை பிடித்து நின்றார். நெல்லும் கரும்புமாக அந்தச் சுற்று வட்டாரத்தில் நல்ல நிலபுலன் உள்ளவர். அதிகம் பேச மாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். கிளீனர் பையன் வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு பழைய டின்னில் பிடித்து, ரேடியேட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதைப் பார்த்தார். ஊற்றிவிட்டு நிறுத்தி, உள்ளே காது கொடுத்துக் கேட்டு, மறுபடி ஊற்றினான்.

"இன்னாடா, கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டுற மாதிரி காட்டுற?" என்றார் வேதகிரி.

"ஒரேயடியா ஊத்துனா காத்து அடைச்சிக்குங்க."

வேதகிரி அதை மனதில் வைத்துக்கொண்டார். அந்த வருஷமே லைசென்ஸ் எடுக்கச் சொல்லி, தன் ஹம்பர் காருக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். கண்ணையனுக்கு வேலை கிடைத்ததே தண்ணீர் ஊற்றிய அழகுக்காகத்தான்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி மில்லில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ராத்திரியில் குளத்துத் தண்ணீர் இருக்குமே, கருப்பா பச்சையா என்று சொல்ல முடியாமல், அப்படி ஒரு நிறம். ஆறு சிலிண்டர். கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே. டேஷ்போர்டு முழுக்க வரி ஓடிய மரம். முன் சீட்டுகளின் முதுகில் மடக்கிவைத்த இரண்டு சின்ன மரமேசைகள். இழுத்தால் பின் சீட்டில் இருப்பவர் மடிக்கு மேல் வந்து நிற்கும். துரை அதில் என்ன வைத்துச் சாப்பிட்டாரோ தெரியாது. பாகூர்க் கொம்யூன் ஊர்களில் கல்யாணம் முடிந்து ஏறுகிற மாப்பிள்ளையும் பொண்ணும் அதில் மாலையைக் கழற்றி வைப்பார்கள். கல்யாணத்துக்குக் காரைக் கேட்டு வந்த யாருக்கும் வேதகிரி இல்லையென்று சொன்னதில்லை. வாடகையும் வாங்கியதில்லை. டிரைவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால் போதும் என்பார். எத்தனையோ கல்யாண ஆல்பங்களில் கண்ணையனின் முழங்கை மட்டும் இருக்கிறது.

தினமும் விடிந்ததும் அவருக்கு முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. வண்டி எடுக்கிற நாளானாலும் சரி, எடுக்காத நாளானாலும் சரி.

ஆவணி மாதம், முகூர்த்தம் இல்லாத ஒரு சாதாரண நாள். வேதகிரி கொல்லையிலிருந்து திரும்பி வந்து, சட்டையைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகன் சிவப்பிரகாசம் அவரைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணையன் வண்டியை எடுத்தார். ஏரிக்கரை தாண்டி, கன்னியக்கோயில் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால், பானெட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் வெள்ளையாகப் புகை வந்தது. வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. ஆள் இல்லை.

பின்னாலிருந்து சிவப்பிரகாசம் கேட்டான்: "தண்ணி ஊத்துனியாடா?"

"ஊத்துனேங்க" என்றார் கண்ணையன்.

அந்தப் பதில் வாயிலிருந்து வந்தது, ஞாபகத்திலிருந்து வரவில்லை. அவர் பானெட்டில் கை வைப்பதற்குள், "ஓடு, எதனா வண்டியப் புடிச்சிகினு வா" என்று சிவப்பிரகாசம் கத்தினான். கண்ணையன் ரோட்டைப் பார்த்து ஓடினார். ஒரு டிராக்டர்தான் கிடைத்தது. அதில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது சிவப்பிரகாசம் அழக்கூடச் செய்யாமல் அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

டிராக்டரில் கயிறு கட்டிக் காரை இழுத்து வந்தார்கள். என்ஜின் செத்துப்போன வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணையன் உட்கார்ந்திருந்தார். கிளம்பும் முன், பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

பஞ்சாங்கம் பார்த்த ஐயர் அவிட்ட நட்சத்திரம் என்றார். அவிட்டத்தில் போனால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் பிரிந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும், உள்ளே யாரும் போகக் கூடாது, வாசலில் தினமும் விளக்கு வைக்க வேண்டும். அங்கெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த முறைதான்.

"உயிர் எந்த அறையில பிரிஞ்சுது?" என்று கேட்டார் ஐயர்.

சிவப்பிரகாசம், "கார்ல" என்றான்.

ஐயர் கொஞ்ச நேரம் பஞ்சாங்கத்தையே பார்த்தார். அதில் காரைப் பற்றி ஒன்றும் இருந்திருக்காது. "அப்போ காரைத்தான் அடைக்கணும்" என்றார்.

ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டது கண்ணையன்தான். களத்துமேட்டு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், நாலு கதவையும் சாத்தி, கைப்பிடிகளில் மஞ்சள் துணி கட்டி, தார்ப்பாயால் மூடினார்கள். பொழுது சாயும்போது வேதகிரியின் மனைவி வந்து பம்பருக்கு முன்னால் ஒரு அகல் ஏற்றிவிட்டுப் போவாள். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி வாய்க்கால் உடைத்து, ஷெட்டில் சக்கரத்தின் பாதி வரை தண்ணீர் நின்றது. கண்ணையன் பொறுக்கமாட்டாமல் போய்ச் சொன்னார்.

"துருவேறி, சுத்தாம என்ஜின் புடிச்சிக்குங்க. பானெட்ட மட்டும் தொறந்து, கையால ஒரு தடவ சுத்தி வுட்டுடறேன்."

"அடைப்புல கை வெச்சா இன்னொரு உயிரு போவும்னு சொல்லியிருக்காங்க கண்ணையா" என்றாள் அந்த அம்மாள். "யாரு உயிரக் குடுக்கச் சொல்ற?"



ஆறு மாதம் முடிந்து ஐயர் வந்தார். ஒரு கதவைத் திறந்து தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, சாத்திவிட்டுப் போனார். முறை தீர்ந்தது. ஆனால் அந்த வண்டியில் ஏற யாருக்கும் மனம் வரவில்லை. சிவப்பிரகாசம் வெள்ளையில் வேறு கார் வாங்கினான். அதை அவனே ஓட்டினான். கண்ணையனைப் போகச் சொல்லவில்லை; வரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நாள் களத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே நின்றுகொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து வேட்டி வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கேள்வியை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டவனே மறந்துவிட்டானோ என்னவோ. கண்ணையன் மட்டும் அதற்குத் தினமும் பதில் தேடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடினால் தான் தண்ணீர் ஊற்றுவது தெளிவாகத் தெரியும். டின் தெரியும், வடிகட்டுகிற துணியின் ஓரம் கிழிந்திருப்பது தெரியும், உள்ளே தண்ணீர் ஏறுகிற சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அது அன்றைக்குக் காலையா, முதல் நாள் காலையா, பத்து வருஷத்துக்கு முந்தைய காலையா? தினமும் செய்கிற காரியத்தில் தேதி ஒட்டுவதில்லை.

போய்ப் பானெட்டைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறான் என்று நினைப்பார்கள். அப்படியே வருஷம் ஓடிவிட்டது.

சேதராப்பட்டு பேக்டரி ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினார். ஏற்றும்போது ஒரு தடவை தண்ணீர் பார்ப்பார், வழியில் நிறுத்தி ஒரு தடவை பார்ப்பார், கேட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை. வேனில் வரும் பெண்கள் அவருக்குத் 'தண்ணி அண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் ஒருத்தி, "ஐயையோ, குடிச்சிட்டா ஓட்டுறாரு?" என்று பயந்து இறங்கப் போக, வேனே சிரித்தது. கண்ணையனும் சிரித்தார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. தினமும் லேட் என்று கான்ட்ராக்டர் ஒரு நாள் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது, முன்பு நெல் விளைந்து இன்று கல் நட்டிருக்கும் ஒரு மனைப்பிரிவில் வாட்ச்மேன்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனபோது தார்ப்பாய் எடுத்தாகிவிட்டிருந்தது. கார் தரையோடு உட்கார்ந்திருந்தது. டயர்கள் வெடித்துச் சப்பையாகி மண்ணில் பதிந்திருந்தன. கைப்பிடியில் கட்டிய மஞ்சள் துணி நூலாகத் தொங்கியது. வில்லியனூர் பைபாஸ் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் நவீன்குமார் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி நின்றிருந்தான். முப்பது வயதுதான் இருக்கும். பழைய கார் என்றாலே எங்கிருந்தாலும் போய்விடுவான் என்று சொன்னார்கள்.

"சீட்டெல்லாம் எலி கடிச்சி வெச்சிருக்குது" என்றார் சிவப்பிரகாசம். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. "பிச்சி எறிஞ்சிட்டு நல்ல ரெக்சினா போட்டுடலாம். கலரும் பளபளன்னு ஒரு மெரூன் அடிச்சிட்டா..."

"வேணாம் சார். தோலு பழசே இருக்கட்டும். கடிச்ச இடத்த மட்டும் தெச்சிடலாம். பெயிண்ட்ட தொடவே கூடாது, தொடச்சி மட்டும் வுடுவோம். மரத்துல இருக்கற கீறலும் இருக்கட்டும். ஓடறதுக்கு எது தடையோ அத மட்டும்தான் நான் மாத்துவேன்."

"அப்ப புதுசு மாதிரி இருக்காதா?"

"இருக்காது சார். வயசானவரு குளிச்சிட்டு வெள்ள வேட்டி கட்டிகினு வந்து உக்காந்த மாதிரி இருக்கும்."

சிவப்பிரகாசத்துக்கு அது பிடித்திருந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "சரிபா, உன் இஷ்டம்" என்றார்.

பானெட் லேசில் திறக்கவில்லை. நவீன்குமார் எண்ணெய் அடித்து, தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டினான். கண்ணையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கிரீச்சென்று பானெட் மேலே வந்தபோது அவர் ஒரு அடி முன்னால் போனார்.

உள்ளே வைக்கோல். எலிகள் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டி வாழ்ந்திருந்தன. நவீன்குமார் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டான். ரேடியேட்டர் மூடியைத் திருகி டார்ச் அடித்தான்.

"தண்ணி இருக்குதா?" என்றார் கண்ணையன்.

நவீன்குமார் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "இத்தன வருஷத்துலயா? கீழ பாருங்கண்ணே, ரேடியேட்டரே ஓட்ட. எப்பவோ போயிருக்கும்."

"அந்த ஓஸு?"

நவீன்குமார் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸைப் பிடித்தான். அது காய்ந்த வறட்டியைப் போல விரல்களுக்குள் உடைந்தது.

"அது எப்பக் கிழிஞ்சதுன்னு சொல்ல முடியுமா தம்பி? முன்னாடியே கிழிஞ்சிருக்குமா?"

"எதுக்குண்ணே கேக்குறீங்க?"

கண்ணையன் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். சிவப்பிரகாசம் யாருக்கோ அனுப்ப செல்போனில் காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான்" என்றார்.

மறுநாள் ஒரு நீள லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே கண்ணையனும் பஸ் பிடித்து வில்லியனூர் போனார். வாட்ச்மேன் வேலைக்குப் பொழுது சாய்ந்துதான் போக வேண்டும் என்பதால் பகலெல்லாம் ஒர்க்ஷாப்பில் இருந்தார். கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பார். எந்த ஒயர் எங்கே போகும் என்று கேட்டால் சொல்வார். நவீன்குமாருக்கு அவரைப் பிடித்துப்போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஏரிக்கரை ரோடு, புகை, அந்தக் கேள்வி, அடைப்பு, எல்லாவற்றையும். நவீன்குமார் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ஜின் ஹெட்ட கழட்டுனா தெரியும்ணே" என்றான் கடைசியில். "ஹீட் ஆயி நின்னுதா, வேற எதனாலயா நின்னுதான்னு அதுல எழுதி வெச்ச மாதிரி இருக்கும்."

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அந்த ஹெட்டைக் கழற்றிய அன்று கண்ணையன் காலையில் சாப்பிடாமல் வந்தார். நவீன்குமார் அதைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து, துணியால் துடைத்தான். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் இடைத்தகடான கேஸ்கட் கருகி அரித்துப்போய், ஹெட்டிலும் கருப்பு ஏறியிருந்தது. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"ஹீட்தான்ணே. ஹெட்டே வளைஞ்சிருக்குது."

"தண்ணி இல்லாமலா?"

"இல்லாமலும் இருக்கலாம். ஓடிகினு இருக்கும்போது ஹோஸ் வெடிச்சிருக்கலாம். வாட்டர் பம்ப் நின்னிருக்கலாம். பேன் பெல்ட் அறுந்திருக்கலாம். எல்லாத்துக்கும் இப்படித்தான் கருகும்."

"பெல்ட்டு எங்க?"

"எலி தின்னுடுச்சி."

"பம்ப்பு?"

"பிடிச்சிக்கிச்சி. அன்னிக்கே பிடிச்சதா, மழைத் தண்ணி நின்னு பிடிச்சதான்னு யாராலயும் சொல்ல முடியாது." நவீன்குமார் துணியை மேசையில் போட்டான். "ஒரு வாரத்துக்குள்ள பானெட்ட தொறந்திருந்தா, ஒரு நிமிஷத்துல சொல்லியிருக்கலாம்ணே. அடைச்சி வெச்சீங்க பாருங்க, அதுல எல்லாமே போச்சி. இப்ப எல்லாமே கெட்டுக் கிடக்குது. எது மொதல்ல கெட்டுச்சின்னு எப்படிச் சொல்றது?"

கண்ணையன் தலையை ஆட்டினார். ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிவப்பிரகாசம் வந்தார். பத்திரிகை கொடுக்கப் போகிற வழி. கையில் பை நிறைய அழைப்பிதழ். மேசையைப் பார்த்து, "இன்னாபா கண்டுபுடிச்சீங்க?" என்றார்.

"ஹீட் ஆயிருக்குது சார்" என்றான் நவீன்குமார். "ஆனா அது எதனாலன்னு..."

சிவப்பிரகாசம் கையைக் காட்டி நிறுத்தினார். கருகிய இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணையனிடம் வந்து தோளில் கை வைத்தார். அந்த வீட்டில் யாரும் அவர் தோளில் அதற்கு முன் கை வைத்ததில்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். விடு கண்ணையா. மனுஷன்னா ஒரு நாளு மறக்கறதுதான். நான் அன்னிக்கே மனசுல மன்னிச்சிட்டேன். உன்கிட்டச் சொல்லணும்னு எத்தினியோ தடவ நெனச்சிருக்கேன், வாய் வரல."

"ஐயா, தம்பி அப்படிச் சொல்லலீங்க. ஓஸு வெடிச்சிருந்தாலும்..."

"சரி சரி. போனது போவட்டும்." நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் பொய் இல்லை. செல்போன் அடித்தது. சமையல்காரர். பேசிக்கொண்டே வெளியே போனார்.

இருபது வருஷத்துக்கு மேலாகத் தொங்கிக்கொண்டிருந்த வழக்கு அந்தத் தோளில் வைத்த கையோடு முடிந்துபோனது. மன்னிப்பு கிடைத்துவிட்டது. தப்பு செய்தானா இல்லையா என்பதை இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள்?

கண்ணையன் பஸ் பிடித்து ஊருக்கு வருவதற்குள் செய்தி முன்னால் வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன், "மெக்கானிக்கே பாத்துச் சொல்லிட்டானாமே, சொட்டுத் தண்ணி இல்லாம ஓட்டியிருக்காருன்னு" என்றான். "அந்தக் காலத்துலயே தெரிஞ்ச கதைதான" என்றான் இன்னொருவன். கண்ணையன் காதில் விழாததுபோல் நடந்தார். ஆனால் எதிரில் பால் வாங்கிக்கொண்டிருந்த காசம்மாள் காதில் விழுந்துவிட்டது.

"ஏண்டா, நீ கூடப் போயி பாத்தியா?" என்று ஆரம்பித்தாள். "இந்த மனுஷன் வண்டிக்குத் தண்ணி ஊத்துன மாதிரி உன் புள்ள உனக்குக் கடைசியில வாயில ஊத்துறானா பாக்கலாம்." தெரு கூடிவிட்டது. கண்ணையன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீ போயி சொல்லேன்யா, நான் ஊத்துனேன்னு. ஊரக் கூட்டிச் சொல்லேன்."

"ஊத்துனேனான்னு எனக்குத் தெரிஞ்சாத்தானடி."

காசம்மாள் பாலை அடுப்பில் வைத்தாள்.

வளைந்த ஹெட்டைச் சமமாகச் சீவ வேண்டும் என்றான் நவீன்குமார். சேதராப்பட்டில் அதற்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது.

"அது அப்படியே இருக்கட்டுமே தம்பி" என்றார் கண்ணையன். "எல்லாம் பழசாவே இருக்கணும்னுதான சொன்னீங்க."

"மத்ததெல்லாம் வுட்டுடலாம்ணே. பெயிண்ட்ட வுட்டேன், கீறல வுட்டேன். இத வுட்டா வண்டி ஓடாது."

அது நியாயம்தான். கண்ணையனும் கூட வருகிறேன் என்றார். லோடு ஆட்டோவில் ஹெட்டைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு போனார்கள். அவர் வேன் ஓட்டிய அதே ரோடு. பேக்டரி கேட்டில் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லை.

பட்டறையில் அன்புராஜ் என்பவன் இருந்தான். வாய் ஓயாதவன். ஹெட்டை மிஷினில் ஏற்றி இறுக்கிவிட்டு நவீன்குமாரிடம் ஏதோ அளவு கேட்டான். ஜி.எஸ்.டி. பில்லுக்கு நம்பர் சொல்ல நவீன்குமார் ஆபீஸ் ரூமுக்குப் போனான். கண்ணையனும் அன்புராஜும் மட்டும் மிஷின் பக்கத்தில் நின்றார்கள்.

அன்புராஜ் கருகிய இடத்தில் நகத்தால் சுரண்டினான். "ஐய, சரியான ஹீட்டு. தண்ணி இல்லாம வுட்டு அடிச்சிருக்கானுங்க. யாருபா அந்தப் புண்ணியவான்?"

ஹோஸைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பெல்ட்டைத் தின்ற எலிகளைப் பற்றி, மழையில் நின்ற பம்ப்பைப் பற்றி, அவிட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவ்வளவையும் இத்தனை வருஷமாகச் சுமந்து பார்த்தாகிவிட்டது. கண்ணையனுக்குக் கால் வலித்தது.

"நான்தான்" என்றார்.

அன்புராஜ் திரும்பி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "பாத்தா அப்படித் தெரியலயே பெரியவரே. மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

"சரி வுடு. சீவிட்டா ஒண்ணும் தெரியாது."

மிஷினைப் போட்டான். வெட்டும் தலை சுழன்றுகொண்டே மெல்ல நகர்ந்தது. முதல் ஓட்டத்தில் மேடு மட்டும் தேய்ந்தது. கருப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் கருப்பின் ஓரம் போனது. இரும்புத்தூள் பொடிப்பொடியாகத் தெறித்து மிஷினின் தட்டில் குவிந்தது. கண்ணையன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஓட்டம் முடிந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை இரும்பு. அன்புராஜ் அதன் மேல் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான்.

நவீன்குமார் பில்லோடு வந்தான். ஹெட்டைக் குனிந்து பார்த்து, "சூப்பர்" என்றான். அப்புறம் ஞாபகம் வந்தவனாக, "அண்ணே, சார் உங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு வண்டிய நீங்கதான் ஓட்டணுமாம். பொண்ணுக்கும் அதான் ஆசையாம்" என்றான்.

கண்ணையன் சாக்கை எடுத்து உதறி விரித்தார். இருவரும் ஹெட்டை அதில் வைத்துச் சுற்றினார்கள். இன்னும் சூடாக இருந்தது.

"வேணாம் தம்பி" என்றார். "ஞாபகம் இருக்கற ஆளாப் பாக்கச் சொல்லு."